போட்டியாளரின் போன்

ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு. அரசின் இணையதளமோ பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை ஏழாவது முறையாகத் திருப்பி அனுப்பியது. என்ன பிழை என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் உழைத்து அதை எழுதிய தாவரவியல் பேராசிரியர், ஆராய்ச்சி அலுவலகப் பெண் எழுத்தரின் நாற்காலிக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நாலரைக்குத் தொலைபேசி அடித்தது. அதே நிதிக்குப் போட்டியிடும் இன்னொரு பல்கலைக்கழகத்தின் எழுத்தர் பேசினார்.

"மேடம், உங்களுக்கும் திரும்பி வருதா? தலைப்புல மேற்கோள் குறி இருந்தா எடுத்துடுங்க. எனக்கும் வேற ஒருத்தர்தான் சொன்னாரு."

அவள் குறியை நீக்கி அனுப்பினாள். 'பெறப்பட்டது' என்று திரையில் வந்ததும் பேராசிரியருக்குப் போன உயிர் திரும்பியது.

"யாரும்மா அவர், உங்க சொந்தக்காரரா?"

"முன்னபின்ன தெரியாது சார்." அவள் அதற்குள் அடுத்த பல்கலைக்கழகத்தின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அவங்களும் நமக்குப் போட்டியாச்சேம்மா?"

"போட்டியை அப்புறம் பாத்துக்கலாம் சார். நீங்க அந்த இன்னொரு போனை எடுத்து மத்தவங்களுக்குச் சொல்லுங்க."

அவரும் எடுத்தார். ஐந்துக்குள் இருவரும் ஒன்பது இடங்களுக்குப் பேசினார்கள். கடைசி இடத்தில் எடுத்தவர் சிரித்தார்.

"தெரியும் சார். உங்களுக்கு முன்னாடியே நாலு பேர் சொல்லிட்டாங்க."