ராணிக்கு முன்வாசல்

“ராணியோ கீணியோ, சோறு பரிமாறிட்டுப் போ,” என்றாள் எஜமானி தோனா ஒதீலியா. அடுப்படியில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்த ஜோவெலினாவின் கை அப்படியே நின்றது. கூடத்தில் பன்னிரண்டு விருந்தாளிகள் பசியோடு காத்திருந்தார்கள்.

அன்று ஜெபமாலை மாதா திருவிழா. மினாஸ் மலைச்சரிவில் இருந்த அந்த ஊரின் கறுப்பு ஜனங்கள் இந்த வருஷத் திருவிழாவுக்கு ராணியாக முடிசூட்டியிருந்தது சமையல்காரி ஜோவெலினாவுக்குத்தான். மூன்று மாதம் முன்பே லீவு கேட்டிருந்தாள். எஜமானியும் தலையாட்டினாள், தலையாட்டக் காசா பணமா? இருபத்திரண்டு வருஷ வேலை. எதிர்த்துப் பேசினால் நாளைக்கே அடுப்பு வேறொருத்திக்குப் போய்விடும்.

ராணி எங்கே இருக்கிறாளோ அங்கேயே போய் மேளக்காரர்கள் அழைத்துவருவது வழக்கம். அதுவும் முன்வாசல் வழியாகத்தான். கப்பலில் ஏற்றிவந்து விற்கப்பட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்ட மரியாதை அது. இந்த வீட்டிலோ, ஜோவெலினாவின் முன்னோரை விலைக்கு வாங்கிய நாள்முதல், கறுப்புத் தோலுக்குப் பின்வாசல்தான்.

மேளம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் முன்னோருக்கு விலங்கு பூட்டிய அதே கணுக்கால்களில் தகரச் சலங்கை கட்டி ஆடினார்கள். பின்பக்கம் போகும்படி ஒதீலியா கையைக் காட்டினாள். தலைவன் தமியாவ் அசையவே இல்லை. கதவு திறக்கும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் முறை. அரைமணி நேரம் பாடினார்கள்; அதற்குள் ஜோவெலினா உள்ளே பரிமாறி முடித்துவிட்டாள். சாப்பிட்டுக் குஷியாகிப்போன விருந்தாளிகள், காமிராவும் கையுமாக, தாங்களே போய்க் கதவை அகலத் திறந்துவிட்டார்கள்.

ஜோவெலினா ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பையிலிருந்த கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். தினமும் தான் துடைக்கிற கூடத்தின் நடுவே நிமிர்ந்து நடந்தாள்.

“பாத்திரம் யாருடி கழுவுவா?” ஒதீலியா வழிமறித்துப் பல்லைக் கடித்தாள்.

தமியாவ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: “ராணிகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா முட்டி போட்டுத்தாம்மா கேக்கணும்.”

விருந்தாளிகளுக்கு அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. நீதிபதி உட்பட எல்லோரும் சிரித்துக்கொண்டே முட்டி போட்டார்கள்.

“நீங்களும் போடுங்க, படம் எடுக்கணும்ல,” என்றாள் நீதிபதியின் மனைவி.

ஊர்ப் பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன செய்வது? ஒதீலியாவும் முட்டியை மடக்கினாள்.

ஜோவெலினா முறைப்படி அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தாள்.

“மாதா உங்களக் காப்பாத்தட்டும்மா. பாத்திரமெல்லாம் ஊறப் போட்டிருக்கேன். தேய்க்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல.”