கரையில் கூவிய பெட்டி

மீன் பிடிக்கக் கடலுக்குப் போன கரோட்டு மூன்று நாளாகியும் திரும்பவில்லை. அந்தச் சின்னத் தீவு நாட்டுக்கு இருந்த ஒரே ரோந்துக் கப்பலும் பழுது பார்க்க வெளிநாடு போயிருந்தது. கடலைக் காக்க உதவுகிறோம் என்று வந்த பெரிய நாட்டுக்காரர்களின் விமானம்தான் கதி. திருட்டு மீன் கப்பல்களைப் பிடிக்க வந்த விமானம் அது. போனால் போகட்டும் என்று கரோட்டுவையும் தேடிக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம் ஊர் திரும்பிவிடும். தாரவாவில் கடல் போலீஸ் அலுவலகத்தில் ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் யோதேபா. கரோட்டு அவனுடைய கூடப்பிறந்த அண்ணன்.

மத்தியானம் விமானத்திலிருந்து குரல் வந்தது.

"உங்க ஆளோட அபாயப் பெட்டி கூவுது. தெமைக்கு கிராமம், கரையிலதான். தேடறத நிறுத்தலாமா? உங்க கடல், நீங்கதான் சொல்லணும்."

அந்த நாட்டுக்காரர்கள் படகுக்கு ஒன்றாகக் கொடுத்த மஞ்சள் பெட்டி அது. பொத்தானை அமுக்கினால் இருக்கும் இடத்தை வானத்துக்குச் சொல்லிவிடும். யோதேபாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"நிறுத்திடுங்க. ரொம்ப நன்றிங்க!"

உடனே தாபேயாவுக்கும் போன் போட்டான். "அண்ணி, அண்ணன் கரையேறிட்டாரு! தெமைக்குல இருக்காரு, கூட்டிட்டு வரேன். உலை வைங்க." அவள் ஓவென்று அழுதாள்.

தெமைக்குவில் தாய்மாமன் பௌரோ வீட்டுத் தூணில் பெட்டி தொங்கியது. மேலே விளக்கு மின்னி மின்னி அணைந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தன.

"அண்ணன் எங்க மாமா?"

"கரோட்டுவா? எனக்கென்ன தெரியும்? ஓ, இந்தப் பெட்டியா! என் படகுக்கு வேணும்னு போன வாரம் புபுட்டி கேட்டேன். மறுபேச்சு இல்லாம கழட்டிக் குடுத்துட்டான், தங்கமான பய. இதுங்க எதையோ அமுக்கித் தொலைச்சிடுச்சு, அணைக்கத் தெரியல."

புபுட்டி என்று உறவுக்காரன் வாய்விட்டுக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். இல்லை என்றவனை ஊரே காறித் துப்பும். யோதேபாவின் புதுச் செருப்பும் போன மாதம் இப்படித்தான் போனது. மாமனைத் திட்ட வாய் திறந்தான். திட்டுவதற்கு நியாயம் எதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை நீ கஞ்சனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா அண்ணே என்று நெஞ்சு வெந்தது.

அலுவலகத்துக்குப் போன் போட்டு, விமானத்தை ரேடியோவில் கெஞ்சிக் கூப்பிடச் சொன்னான். விமானம் எல்லை தாண்டியிருந்தது. திரும்பி வர எண்ணெய் இல்லை. அடுத்த விமானம் அடுத்த மாதம்தான்.

மாமனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அண்ணி வீட்டுக்கு வண்டியை விட்டான். சொந்தக்காரர்கள் பாயில் நிறைந்திருந்தார்கள். சோறு, தேங்காய்ப்பாலில் மீன், ஒருவன் சிரித்தபடி கள்ளை ஊற்றிக்கொண்டிருந்தான். தாபேயா உள்ளே வந்த இருவரையும் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

பௌரோதான் உடைந்து போய்ச் சொன்னார். "நான்தாம்மா அந்தப் பெட்டியக் கேட்டு வாங்கினேன். அவன் வரல. அத நம்பித் தேடறதையும் நிறுத்திட்டாங்க."

சிரிப்பு நின்றுபோனது. தாபேயா தட்டு எடுத்து அவருக்குச் சோறு போட்டாள்.

"நீங்க கேட்டா அவரு எப்படி இல்லன்னு சொல்லுவாரு மாமா? சாப்பிடுங்க."

யோதேபாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏன் தம்பி, அவரக் கண்ணால பாக்காம தேடினவங்கள திருப்பி அனுப்பினீங்க?"