பூ எடுத்த மாதம்

நடந்ததைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. மசூது அண்ணாச்சி கூட்டத்தில் பேசும்போது எழுந்து நின்றாரா, நாற்காலியிலேயே இருந்தாரா என்று சங்கிலிப்பாண்டியிடம் கேட்டேன். நின்றார் என்கிறான். உட்கார்ந்திருந்தார் என்பதுதான் என் நினைவு. எங்களில் ஒருவருக்குத் தப்பாக இருக்க வேண்டும். அது நானாகவும் இருக்கலாம்.

சங்கிலிப்பாண்டி என்னோடு கல்லூரியில் படித்தவன். போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கும் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். தாவரவியல் துறைக்குப் புதிதாக ஒரு காட்சியறை கட்டியிருந்தார்கள். அதற்கு ஷரீபுன்னிசா என்ற பெண்ணின் பெயரை வைக்க வேண்டும் என்று துறைத்தலைவர் மாஜிதா எழுதிக் கொடுத்திருந்தார். ஷரீபுன்னிசா மாஜிதாவின் வாப்பா, அதாவது அப்பா, மசூது அண்ணாச்சிக்கு மூத்த சகோதரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் தென்காசியிலிருந்து சென்னைக்குப் போய்த் தாவரவியல் படித்து, அங்கேயே கல்லூரியில் பாடம் நடத்தியவர். குற்றாலத்துப் பாறைகளில் ஒரு கண்டுபிடிப்பு செய்தவர். இதெல்லாம் மாஜிதா சொன்னது.

சங்கத்துக்குப் பயம் இருந்தது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், ஊரின் முதல் டாக்டர் என்று ஒருவருக்குக் கல்வெட்டு வைத்தார்கள். திறப்பு விழாவில் அவருடைய பேரனே மைக்கைப் பிடித்து, எங்க தாத்தா கம்பவுண்டராத்தான் இருந்தாரு என்று சொல்லிவிட்டான். பக்கத்து ஊரான சுரண்டை வரைக்கும் சிரித்தார்கள்.

"ஏலே வேலு, நீ எதையும் நம்ப மாட்டே. கல்யாணப் பத்திரிகைய நீட்டுனாலே மாப்பிள்ள யாருன்னு விசாரிக்கிற ஆளு" என்றான் சங்கிலிப்பாண்டி. "நீ பாத்துச் சரின்னு சொன்னா போர்டு. இல்லன்னா இல்ல."

என்னை ஏன் கேட்கிறான் என்று யோசித்தேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் நான். புத்தகம் படிப்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. அந்தப் பெயர் வேண்டாம் என்று நினைத்து, அதை என் வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறானோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மாஜிதாவுக்கு மே மாதத்தோடு ஓய்வு. அதற்குள் பலகை ஏறாவிட்டால் பிறகு அந்தப் பெயரைப் பேச ஆள் இருக்காது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் வீட்டுக்குப் போனபோது தை மாதம். மேசையில் கண்ணாடிக் குப்பிகளும் சில உடைந்த சிலேட்டுத் துண்டுகளும் எடுத்து வைத்திருந்தார். மசூது அண்ணாச்சி பக்கத்து நாற்காலியில் இருந்தார். எண்பத்தைந்தைத் தாண்டியவர். காது நன்றாகவே கேட்கும். பேச்சுதான் குறைவு.

மாஜிதா விளக்கினார். அருவிப் பாறையில் பாசி மாதிரி அப்பிக்கிடக்கும் ஒரு செடி உண்டு. அது பாசி இல்லை. பூத்துக் காய்த்து விதை விடுகிற செடி. வேர் எது, இலை எது என்று பிரிக்க முடியாத உடம்பு. அடிக்கிற தண்ணீருக்குக் கீழேயே அது மொட்டுக் கட்டி வைத்துக்கொள்கிறது. தண்ணீர் வடிந்து பாறை வெளியே வந்தால் சில நாட்களுக்குள் பூத்து, காய்த்து, காய்ந்து செத்துவிடுகிறது. மொட்டு தண்ணீருக்குள்ளேயே தயாராகிக் காத்திருக்கிறது என்பதை ஷரீபுன்னிசா நம் ஊர்ப் பாறையில் பார்த்து எழுதினார். அவருடைய முதல் கட்டுரை அது. அச்சானது. மாஜிதாவிடம் நகல் இருந்தது.

இரண்டாவது ஆராய்ச்சி விதையைப் பற்றியது. தூசி போன்ற விதை. முதல் நனைவிலேயே பிசின் விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வெள்ளத்தை அது தாண்டுவது அதனால்தான். அதைச் சோதித்துப் பார்க்க சிலேட்டை உடைத்து, விதை தூவி, நனைத்து, குழாயடியில் பிடித்திருக்கிறார். அந்தத் துண்டுகளில் இன்னும் பழுப்புப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. இந்தக் கட்டுரை மட்டும் அச்சாகவில்லை. ஏன் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றார் மாஜிதா.

குப்பிகளுக்குள் செடி இருந்தது. பூவோடு இருந்தது. ஆனால் குப்பிகளில் ஸ்பிரிட் புதிதாகத் தெளிந்திருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் இதே மாதிரிக் குப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டேன். வற்றிப்போகும்போதெல்லாம் தானே ஊற்றுவதாகச் சொன்னார். முகம் மாறவில்லை. மாறாததையும் நான் குறித்துக்கொண்டேன்.

எப்போது எடுத்தது என்று மசூது அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"சாரலுக்குப் போனப்ப எடுத்தது" என்றார்.

வருடா வருடம் ஆனி, ஆடியில் குடும்பத்தோடு வண்டி கட்டிக் குற்றாலத்துக்குப் போய், வீடு எடுத்துத் தங்குவார்களாம். எல்லாரும் குளிக்கும்போது லாத்தா, அதாவது அக்கா, பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். மனப்பாடம் செய்ததைப் போலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பல நாள் யாரோடும் பேசவில்லை. என் மனைவிக்கு அது பழக்கம்தான். தண்ணீர் வடிந்தால்தான் பூ என்று கட்டுரை சொல்கிறது. சாரல் காலத்தில் எடுத்த பூ என்று தம்பி சொல்கிறார். ஆடி மாதத்தில் பேரருவியின் பாறையை யாராவது பார்த்திருக்கிறார்களா?

மாசியில் குற்றாலம் போனேன். கடைகள் பாதிக்கு மேல் தார்ப்பாய் கட்டி மூடிக்கிடந்தன. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அருவி ஓரமாகக் கயிறு மாதிரி ஒழுகியது. ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று தடுப்புக் கம்பி போட்டிருந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஆள் இல்லை, குரங்குகள் இருந்தன. பாறையை ஒட்டிக் குனிந்தேன். பழுப்புத் தோல் மாதிரி படிந்திருந்ததில் நுனி நுனியாக ஏதோ எழும்பி நின்றது. கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி மாதிரிப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பூ. குப்பியில் பார்த்த அதே பூ.

சாரலில் எடுத்திருக்கவே முடியாது. அப்படியென்றால் குப்பி பொய், அல்லது கதை பொய். ஒன்று பொய் என்றால் இன்னொன்றை எப்படி நம்புவது?

இதைவிட என்னை உறுத்தியது வேறு. இது மாஜிதாவுக்குத் தெரியாமல் இருக்குமா? முப்பது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறவர். கல்லூரிக்குப் போய்க் கேட்டேன். அவர் வராந்தாவில் நின்று, வெளியே சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் காத்திருந்தேன். பேசாமல் நிற்பதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது.

"அண்ணாச்சி, அத மட்டும் விட்டுருங்க" என்றார் கடைசியில். "வாப்பா அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

என் சந்தேகம் அப்போது முழுசாகிவிட்டது. அன்றைக்கே துபாயிலிருந்து அவருடைய தம்பி முகம்மது ரபீக் கூப்பிட்டான். மரியாதையாகத்தான் பேசினான். தன் மகளுக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருப்பதாகவும், வாப்பா சொன்னதோடு நிறுத்திக்கொள்ளும்படியும், பழைய கதையைத் தோண்டினால் போர்டே வேண்டாம் என்றும் சொன்னான். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். ஏதோ இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. குடும்பமே சேர்ந்து ஒரு விஞ்ஞானியைச் செய்து வைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

மாசிக் கடைசியில் சங்கக் கூட்டம். மாஜிதா வாப்பாவைக் கூட்டி வந்திருந்தார். சங்கிலிப்பாண்டி எல்லாருக்கும் டீயும் முறுக்கும் வைத்துவிட்டு, சொல்லுலே என்று என்னைப் பார்த்தான். நான் முடிவைச் சொல்லவில்லை. கேள்வியை அவரிடமே வைத்தேன்.

"அண்ணாச்சி, ஆடியில அந்தப் பாறை கண்ணுக்கே தெரியாதே. பூவ எப்படி எடுத்தாங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. டீ தம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். மாஜிதா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆடியில எடுக்கல" என்றார். "மாசியில. பங்குனியில. ஆரும் போகாத நேரத்துல."

"யாரு கூடப் போனாங்க?" என்றான் சங்கிலிப்பாண்டி. பழைய ஸ்டேஷன் குரல்.

"ஒத்தையில."

"அந்தக் காலத்துலயா? ஒரு பொம்பள, ஒத்தையில, அங்கன?"

"பாத்தீயளா" என்றார் மசூது அண்ணாச்சி. "செடியப் பத்தி ஒருத்தரும் கேக்கல. யாரு கூடன்னு கேக்கிய. எங்க உம்மாவும் இதுக்குத்தான் பயந்தா. யாரு கேட்டாலும் சாரலுக்குப் போனப்ப எடுத்ததுன்னு சொல்லுங்கன்னா. வீட்ல எல்லாரும் அப்படியே சொன்னோம்."

பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். லாத்தா காய்ச்சல் என்று சென்னையில் லீவு போட்டுவிட்டு மாசியில் வருவார். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறும்போது திரும்புவார். இரண்டாவது கட்டுரையை அனுப்பிய பிறகு, அதைப் பார்வையிடப் பெரிய பேராசிரியர் ஒருவர் சென்னையிலிருந்து தென்காசிக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர். மாதிரிகள் எப்போது எடுத்தது என்று வீட்டில் கேட்டார். சாரல் காலத்தில் என்றார் உம்மா. குடும்பத்தோடு போனபோது என்றார் அவர்களுடைய வாப்பா. லாத்தா அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்த நேரம். பேராசிரியர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். வேறு எங்கிருந்தோ வாங்கின செடி என்று முடிவு கட்டியிருப்பார். கட்டுரை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு லாத்தா பாறைப் பக்கம் போகவில்லை.

எழுபது வருடத்துக்கு முன்னால் அந்தப் பேராசிரியர் போட்ட அதே கணக்கைத்தான் நானும் போட்டிருந்தேன். அப்போதும் எனக்குள் ஒரு குரல், இதுவும் பேசி வைத்துக்கொண்டு வந்ததாக இருக்கலாமே என்றது. மாஜிதாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஏன் வாப்பா சொல்லல?"

"நீ கேக்கல. ஒனக்கும் பயம்."

இதற்கு மாஜிதா ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவரை நம்பினேன். ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நடிக்கிறவருக்கு அதற்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

சங்கத்தில் ஒருவர், ரபீக்கின் சங்கடமும் தெரிந்தவர்போல, பெயரை மட்டும் போடுவோம், மாதம் கீதம் எல்லாம் எதற்கு, வீணாக நாலு பேர் நாலு விதமாகப் பேசுவான் என்றார். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. மசூது அண்ணாச்சிகூடத் தலையசைத்தார் என்று நினைக்கிறேன்.

"மாசம் இல்லாம பேரு வேண்டாம்" என்றார் மாஜிதா. "ஷரீபுன்னிசா மாமி கண்டுபிடிச்சதே அந்த மாசத்தத்தான். அது இல்லன்னா போர்டுல ஒரு பொம்பள பேரு இருக்கும், அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்தத திருப்பி வாங்கிக்கிடுதேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கு மே மாதத்துக்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு கிடையாது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். சங்கிலிப்பாண்டி என்னைப் பார்த்தான். சரி என்று சொன்னேன். என் கேள்விக்குப் பிறகு அன்றைக்கு நான் சொன்ன ஒரே சொல் அதுதான்.

"உக்காருங்க டீச்சர்" என்றான் சங்கிலிப்பாண்டி. "மாசி, பங்குனின்னே போடுவோம். ஒத்தையில போனாங்கன்னும் போடுவோமா?" என்று மசூது அண்ணாச்சியிடம் கேட்டான்.

அவர் யோசித்தார். "போடுங்க" என்றார். "இனிம லாத்தாவுக்கா நிச்சயம் பண்ணப் போறோம்."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

சித்திரையில் பலகை ஏறியது. மாஜிதா மே மாதம் ஓய்வு பெற்றார். குப்பிகளும் சிலேட்டுத் துண்டுகளும் காட்சியறையில் இருக்கின்றன. ரபீக்கின் மகளுக்குப் பேசிய இடத்திலேயே கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டில் பலகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ரபீக் அக்காவோடு பேசுவதில்லை. மசூது அண்ணாச்சி ஐப்பசி மழையில் தவறிவிட்டார். சங்கிலிப்பாண்டி இன்னும் செயலாளராக இருக்கிறான். பேராசிரியரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. நான் சங்கத்தில் சேரவில்லை. கூப்பிட்டார்கள். ஷரீபுன்னிசா தன் நாற்பதாவது வயதுக்கு முன்பே சென்னையில் டைபாய்டில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.