பூஜையில் வைத்த போன்

கௌசல்யாவுக்கு வந்த போனை அவளுக்கு முன்னாலேயே சாலைக் கடைத்தெருவில் பாதிப்பேர் பார்த்துவிட்டார்கள். அபுதாபியில் கிரேன் ஓட்டும் அவள் புருஷன் விஜய்குமார், லீவில் வந்த கூட்டாளி செல்வினிடம் கொடுத்தனுப்பியிருந்தான். செல்வின் அதை நேரே மாடி வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்தால் அவன் செல்வின் இல்லையே. கீழே அவள் மாமனார் உச்சிமாகாளியின் வத்தல் கடையில், மிளகாய் மூட்டை மேல் வைத்துப் பெட்டியைப் பிரித்து, பெண்ணுக்குப் போட்ட நகையைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொருவருக்கும் காட்டினான்.

"பட்டனே இல்லியே, எங்க போட்டு அமுக்க?" என்று கேட்டார் பக்கத்து வாளிக்கடை சத்தியதாஸ்.

"அமுக்கண்டாம் அண்ணாச்சி. சும்மா தொட்டா மதி, அது போதும்."

சத்தியதாஸ் தொட்டார். கண்ணாடிக்குள் ஒரு படம் வழுக்கிப் போய் அடுத்த படம் வந்தது. அவர் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், என்னவோ விரலில்தான் வித்தை இருந்தது போல. இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் தொடுகிற போன். அப்புறம் கேட்க வேண்டுமா, வந்தவன் போனவன் எல்லாம் ஆளுக்கொரு தடவல். மாமனார் மட்டும் கிட்டே வரவில்லை. "நம்ம கை வத்தல் கை. போனுக்குத் தும்மல் வந்துரும்" என்று சிரித்தார்.

மேலே நாத்தனார் ஷிஜா கையில் அது கிடைத்தபோது ஆட்டம் இன்னும் கூடியது. காலேஜில் மலையாளப் பிள்ளைகளோடு படிக்கிறவள், மலையாளத்தில்தான் நினைப்பாள் போல. "அடிபொளி, மைனி. பாட்டு உண்டு, கேமரா உண்டு, விரலால எழுதினா எழுத்து வரும்." எல்லாம் இருந்தது. கௌசல்யாவுக்கு அதில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வயர் இல்லை, மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் அவளுக்கு அதில் அதிசயம்.

கல்யாணமாகி ஒரு மாசம்கூட அவன் கூட இருக்கவில்லை. அதற்கப்புறம் எல்லாம் லேண்ட்லைன்தான். அது கூடத்தில் மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் "சாப்டியா" என்பான், இவள் "ம்" என்பாள். "என்னைத் தேடுதா" என்பான், மாமனார் பேப்பரைப் புரட்டுவார், இவள் அதற்கும் "ம்" என்பாள். கடைசியில் ஒருநாள் அவன், "சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு கௌசி" என்று வைத்துவிட்டான். அவள் அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் போன்.

அதில் அவன் தன் படங்களை நிரப்பி அனுப்பியிருந்தான். கிரேனில் உட்கார்ந்து ஒன்று, கட்டிலில் சாய்ந்து ஒன்று. சாயங்காலம் துணி எடுக்கப் போகிற சாக்கில் மாடியில் நின்று பார்ப்பாள். அவன் கன்னத்தைத் தடவ வேண்டும் போலிருக்கும். தடவினால் படம் நகர்ந்துவிடும். அதனால் கண்ணாடி மேல் படாமல் விரலைக் கொஞ்சம் தூக்கி, வெறும் காற்றில் தடவுவாள். பாவம், அவளுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம் அவன் விஷயத்தைச் சொன்னான். கம்பெனியில் கடலுக்குள் இருக்கிற எண்ணெய்க் கிணற்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். ரெண்டு வருஷம் ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாம். "இப்பம் பதில் சொல்லாத. நவமி அன்னைக்கு சாயங்காலம் கூப்பிடுதேன். மறுநாள் காலைல கையெழுத்து. உன் வாயால வான்னு சொல்லு, வந்துருதேன். நீ ஒண்ணும் சொல்லலைன்னா உனக்கும் நான் அங்க இருக்கதுதான் இஷ்டம்னு எடுத்துக்கிடுவேன்."

அந்த ஒரு வார்த்தையை அவள் மாடியில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தாள். கொடியில் கிடந்த துணிகளுக்குக் கேட்டிருக்கும்.

அஷ்டமி சாயங்காலம் பூஜைவைப்பு. தொழிலுக்கு உதவுகிற எதுவும் அன்று சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். தசமி காலையில் எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. கடைத் தராசு, சாக்குத் தைக்கிற ஊசி, கால்குலேட்டர், ஷிஜாவின் புத்தகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. கௌசல்யா குளித்துவிட்டு வந்து பார்த்தால், நட்ட நடுவில், தராசுத் தட்டில் சாய்த்து வைத்தபடி அவள் போன். ஷிஜாதான் எடுத்துக் கொடுத்திருந்தாள். மாமனார் அதன் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டிருந்தார்.

"அத்தை, நாளைக்கு அவிய கூப்பிடுவாவ" என்றாள் மாமியார் முத்தாரம்மாளிடம், சத்தமே வராமல்.

"கூப்பிட்டா வீட்டுப் போன்ல கூப்பிடட்டும். ஒரு நாள்தானே மக்களே."

அவன் வீட்டுப் போனில் கூப்பிட மாட்டான், அதில் அவளுக்கு "ம்" தவிர வேறு வராது என்று அவனுக்குத் தெரியும். இவளாகவும் கூப்பிட முடியாது. அவன் இன்டர்நெட் கடையிலிருந்து பேசுவான், ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர், திருப்பி அடித்தால் போகாது. இதை மாமியாரிடம் சொல்லலாம். சொன்னால் எதற்கு இத்தனை அவசரம் என்று கேள்வி வரும். அவள் வாயைத் திறக்கவில்லை, திறக்காமலே பழகிப்போன வாய் அது. ராத்திரி முழுக்கப் புரண்டாள்.

நவமி சாயங்காலம் மாமனார் காய்ந்த சந்தனத்தை எல்லாம் துடைத்துவிட்டு, பன்னீர் விட்டுக் கொஞ்சம் தளரக் குழைத்து, புதுசாகப் பூசினார். மகன் அனுப்பிய சாமான் இல்லையா, போனுக்கு மட்டும் தாராளமாக மூன்று விரலால் இழுத்துவிட்டார். மேலே முல்லைப்பூச் சரத்தைச் சார்த்தினார். கௌசல்யாவுக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

சூடம் ஏற்றிய நேரத்தில் போன் அடித்தது.

பூச்சரத்துக்கு உள்ளேயிருந்து வெளிச்சம் வந்தது. அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். "நில்லு மக்களே, சாமி காரியம் நடக்கு" என்றார் மாமனார், மணியாட்டுவதை நிறுத்தாமல். இரண்டு மூன்று முறை அடித்திருக்கும். சட்டென்று நின்றது.

"கட்டாயிட்டு" என்றாள் ஷிஜா. "திரும்ப விளிக்கும், மைனி."

திரும்ப அடிக்கவில்லை. மாமனார் சூடத்தட்டை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். கௌசல்யாவின் கை நீளவில்லை.

"என்ன பிள்ளே, ஒத்திக்கோ."

"இனி கூப்பிட மாட்டாவ மாமா." இந்தத் தடவை சத்தம் வந்துவிட்டது. ரெண்டு வருஷ ஒப்பந்தம், காலையில் கையெழுத்து, அவன் கேட்ட ஒரு வார்த்தை, எல்லாவற்றையும் கொட்டினாள்.

மாமனார் தட்டைத் தாழ்த்தினார். "நல்ல காரியம்தானே. போடட்டுமே கையெழுத்து. ஷிஜாவுக்கும் ஒரு வழி பாக்கண்டாமா? ரெண்டு வருஷம், கண்ண மூடித் திறக்கதுக்குள்ள ஓடிரும்."

"உங்களுக்கு ஓடிரும் மாமா. எனக்குக் கண்ண மூடினா அவிய முகமே சரியா வர மாட்டேங்கு. படத்தைப் பாத்துப் பாத்துத்தான் ஞாபகம் வச்சுக்கிடுதேன். ரெண்டு வருஷம் கழிச்சு வந்து நின்னா, யாரோன்னுல்லா பாத்துட்டு நிப்பேன்? அவிய வரணும். நம்ம கடைல மூட்டை தூக்கினாலும் சரி. எனக்கு அவிய வேணும்."

அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் மொத்தமாகப் பேசியதே இவ்வளவு இருக்காது. முத்தாரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுடைய புருஷனும் ஒரு காலத்தில் சரக்கு எடுக்க மாதக்கணக்கில் வெளியூர் போனவர்தான். சூடம் அணைந்து போயிற்று.

அந்த அமைதியில்தான் தராசுப் பக்கமிருந்து, கொசு போல ஒரு சத்தம் கேட்டது. ஷிஜா குனிந்து பார்த்தாள்.

"மைனி, கால் கட்டாகல்ல. ஓடிட்டிருக்கு."

பன்னீரில் தளர்ந்த சந்தனம் கண்ணாடி மேல் வழிந்து இறங்கி, அடியில், போனை எடுக்கிற பச்சை அடையாளத்தின் மேல் போய் நின்றிருந்தது. விரல் எது, சந்தனம் எது என்று அந்தப் போனுக்கு என்ன தெரியும்? ஈரமாக ஏதோ தொட்டது, அது பாட்டுக்கு எடுத்துவிட்டது. மணியாட்டியது, மாமனார் சொன்னது, இவள் சொன்னது எல்லாம் அபுதாபிக்குப் போயிருக்கிறது.

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். தசமி விடியாமல் தொடக் கூடாத பொருள். அவர் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கௌசல்யா அவரிடம் கேட்கவும் இல்லை. பூச்சரத்தை விலக்கி, சந்தனத்தோடு எடுத்துக் காதில் வைத்தாள். கன்னமெல்லாம் குளிர்ந்தது.

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. அழுகிறானோ என்று நினைத்தாள்.

"கௌசி" என்றான். "கடைசியாச் சொன்னேல்லா, அதை இன்னொரு தடவை சொல்லு."

மாமனார் அங்கேயேதான் நின்றார். மாமியார், ஷிஜா, எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"எனக்கு நீங்க வேணும்" என்றாள் கௌசல்யா. "வாங்க."