ஸ்டேடியத்துக்கு லைஃப் சர்ட்டிபிகேட்

எங்கள் ஊர் கால்பந்து ஸ்டேடியத்துக்கு எழுபது வயது. அறுபது தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீசுக்கு நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். கிரவுண்ட்ஸ்மேன் என்பதால் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். பஸ்ஸில் ஏறாது. இரண்டு பேரும் நடந்துதான் போவோம்.

இந்த வருஷம் கிழக்கு கேலரியில் முட்டிவலி என்று உட்கார்ந்துவிட்டது. கெஞ்சினேன், திட்டினேன். நகரவில்லை. இன்றைக்கு ஐந்து மணிக்குள் காட்டாவிட்டால் செத்துப்போனதாக எழுதிவிடுவார்கள். அது செத்தால் அதில் நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும். என் கோல் உட்பட.

வாழ்க்கையில் நான் போட்டது ஒரே ஒரு கோல். எண்பத்து மூன்று ஃபைனல், எண்பத்தொன்பதாவது நிமிஷம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆசீர்வாதம் தன் மகள் எஸ்தரை எனக்குக் கட்டிக்கொடுத்தார். கோல் போனால் பெண்டாட்டியும் போய்விடுவாள். அதனால் நான் மட்டும் கிளம்பினேன்.

ஆபீஸ் வராந்தா நீளமாக இருந்தது. யாராவது டீ குடிக்க எழுந்தால் இன்னும் பத்தடி நீளும். ஒரு ஆபீசில் எத்தனை பேர்தான் டீ குடிப்பார்கள்! காலை ஒன்பதுக்கு நடக்க ஆரம்பித்தவன், மூன்றேகாலுக்குத்தான் கிளார்க் நாச்சியப்பன் மேஜையை அடைந்தேன்.

"எங்கே அது?"

"முட்டிவலி சார். வர முடியலை."

"போன வருஷம் வந்துச்சே?"

"போன வருஷம் முட்டி நல்லா இருந்துச்சு."

"நீங்க அதுக்கு என்ன வேணும்?"

"கிரவுண்ட்ஸ்மேன்."

"அப்படி ஒரு உறவு ஃபாரத்துல இல்லை. மனைவி, மகன், மகள். ஒண்ணு சொல்லுங்க."

என் தலையெழுத்து. மகன் என்றேன்.

அங்க அடையாளம் கேட்டார். இடது கோல் போஸ்டில் ஒரு பள்ளம் என்றேன். பிறந்ததிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். முதலில் அது ஏரி. தூர்த்து, சவுக்குக்கட்டையில் கேலரி கட்டினார்கள். புயலில் கேலரி பறந்தது. அப்புறம் சிமெண்ட் கேலரி. சர்க்கஸ் வந்து, பெனால்டி ஏரியாவில் யானை மூன்று மாதம் குடியிருந்தது. இன்றைக்கும் அங்கே மட்டும்தான் ஒழுங்காகப் புல் முளைக்கிறது. பொருட்காட்சிக்காரர்கள் நடு வட்டத்தில் ராட்டினம் நட்டார்கள். மந்திரியின் ஹெலிகாப்டர் இறங்குவதற்காகப் பிடுங்கிய கோல் போஸ்டை எட்டு வருஷம் கழித்துத்தான் திருப்பி நட்டார்கள். நாச்சியப்பன் ஒற்றை விரலால் டைப் அடித்தார். அவர் அடிக்காமல் விட்டதெல்லாம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது. எஸ்தர். நாங்கள் மேற்கு கேலரிக்கு அடியில்தான் குடியிருக்கிறோம்.

"என்னங்க, வீட்டுக்குள்ள தண்ணி வருது. கட்டிலுக்கடியில கெளுத்தி நீந்துது."

"ஏரியை அடிச்சிட்டு கேலரியை விட்டுட்டாரு. இரு, சொல்றேன்."

"சீக்கிரம் சொல்லுங்க. உங்க பேரு வேற சட்டுனு வாயில வர மாட்டேங்குது."

"கேலரி சார், கேலரி!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க," என்று கேலரியையும் டைப் அடித்தார். தண்ணீர் வடிந்துவிட்டதாக எஸ்தர் சொன்னாள்.

"எண்பத்து மூணு ஃபைனல்?" என்றார் நாச்சியப்பன்.

"ஒண்ணுக்குப் பூஜ்யம். கோல் நான்தான் போட்டேன்."

"சாட்சி?"

"பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தாங்க."

"வரச் சொல்லுங்க."

வந்தார்கள். பன்னிரண்டாயிரம் பேரும் டோக்கன் வாங்கிக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள். செத்தவர்களும் வந்திருந்தார்கள். முதல் ஆள் என் மாமனார் ஆசீர்வாதம். அதே கட்டம் போட்ட சட்டை.

"ஸ்டேடியம் உயிரோட இருக்கா?"

"இருக்கு," என்றார் மாமனார்.

"கோல்?"

"ஆஃப்சைடு."

"மாமா!"

"அன்னைக்கே தெரியும் மாப்ளே. எல்லாரும் கத்துனாங்க, நானும் கத்துனேன்."

பின்னால் மொத்த வராந்தாவும் ஆமாம் என்று தலையாட்டியது. பாவிகளா! என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போன அதே கூட்டம்.

ஐந்து மணிக்கு நான்கு நிமிஷம் இருந்தது. நாச்சியப்பன் ஃபாரத்தைத் திருப்பி வைத்தார்.

"சாட்சி சொல்றதும் மகன் சொல்றதும் ஒத்துப்போகணும். கோல் இல்லைன்னு கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா இறந்ததுன்னுதான் எழுதணும்."

இறந்தது என்று எழுதினால் மறுபடியும் ஏரி. எஸ்தர் அதற்கு நடுவில் நிற்பாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. இது என்ன நியாயம் ஐயா என்று கேட்டேன். நியாயத்துக்கு மாடியில் ஆபீஸ், இன்றைக்கு லீவு என்றார்.

கையெழுத்துப் போட்டேன். 'உயிருடன் உள்ளது' என்று சீல் குத்தினார். பன்னிரண்டாயிரம் பேரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"யாருங்க?" இருபது வயதுக் குரல். எஸ்தர்தான்.

"ஸ்டேடியத்துலேருந்து பேசுறேன். அங்க தண்ணி கிண்ணி இல்லையே?"

"எந்தத் தண்ணி? எங்கப்பா அங்கதான் மேட்ச் பார்க்க வந்திருக்காரு. முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"யாரு ஜெயிச்சா?"

நாச்சியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்கதான். ஒண்ணுக்குப் பூஜ்யம்," என்றேன். "உங்கப்பா வந்து ஆஃப்சைடுன்னு சொல்வாரு. நம்பாதீங்க."