வாக்கர் நின்ற இடம்

அந்த வீடு நாலாவது மாடியில். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. லிஃப்ட் எப்போதோ படுத்துவிட்டது, அதை எழுப்ப யாருக்கும் மனமில்லை. உள்ளே ஒரு மாமியார், ஒரு மருமகள். மகனுக்குத் தொலைதூரச் சுரங்கத்தில் வேலை, வந்தால் உண்டு. மருமகள் தனியாக விட்டு வெளியே போன ஒரு பகலில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதுமுதல் அலுமினிய வாக்கர் அவரைத் தாங்கியது. வாக்கரையும் அவரையும் மருமகள் தாங்கினாள். தெருவில் கால் வைத்து எத்தனை காலமாயிற்று என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, பாவம்.

அவளுக்கு ஒரு தம்பி. நடுக்கடல் தீவில், வானிலை நிலையத்தில் வேலை. அங்கிருக்கும் ஒரே டெலிபோன் லைனில் காற்று, மழைச் செய்திக்குத்தான் இடம், சொந்தப் பேச்சுக்கு இல்லை. ஆனால் அக்காளும் தம்பியும் சேர்ந்தே அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்தவர்கள். பழைய வீட்டு மாடியில் நீளக் கம்பி கட்டி, பொழுது சாயும் நேரத்தில் தினமும் பேசுவார்கள். இந்தக் கட்டடத்துச் செயலாளரோ, “மாடியில ஒரு நூல்கூட ஓடக் கூடாது” என்றுவிட்டார்.

வீடு மாறுவதற்கு முன், கடைசிப் பேச்சில் தம்பி கேட்டிருந்தான். “கப்பல் வரும்போது இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேப்பாங்கக்கா. நீ வான்னா வந்துடறேன். உன் சத்தமே கேக்கலைன்னா போட்டுடுவேன்.”

அன்றைக்கு அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இப்போது யோசிக்க ஒன்றுமில்லை. அவன் வந்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும், அவள் படியிறங்கலாம். கப்பல் வர இன்னும் சில நாள்தான் இருந்தது.

அறைக்குள்ளேயே வைக்க ஓர் ஆன்டெனா உண்டு, வளைய ஆன்டெனா. ஏசிக்குப் போடும் செம்புக் குழாயை வரவழைத்து, தண்ணீர் டிரம்மைச் சுற்றி வளைத்து, துணி காயப்போடும் மர ஸ்டாண்டில் கட்டினாள்.

“என்னடி இது, யானைக்குத் தோடு செய்றியா?” என்றார் மாமியார்.

“ஆமாம் அத்தை. இன்னொரு காதுக்கு நாளைக்கு.”

வளையத்தின் இரு முனைக்கும் நடுவே, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கண்டென்சரை வைத்துப் பற்றவைத்தாள். அதைத் திருகித்தான் அலைவரிசைக்குச் சுருதி சேர்க்க வேண்டும். சுருதி சேர்ந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் பெருகும், மயிரிழை பிசகினாலும் போச்சு. கை கிட்டே போனாலே சுருதி ஓடிவிடும் என்பதால், திரைச்சீலை மாட்டும் பிளாஸ்டிக் குழாயைத் திருகோடு சேர்த்துக் கட்டி, தள்ளி நின்று திருப்பினாள்.

அவ்வளவும் செய்தவள் ஒன்றில் கோட்டை விட்டாள். மாமியார் தூங்கும் மதிய நேரத்தில்தான் அவளுக்குக் கை ஒழியும். அப்போது சுருதி கச்சிதமாகச் சேரும். சாயங்காலம் திருகைத் தொடாமல் அப்படியே தம்பியைக் கூப்பிட்டால் பதிலே வராது. தினமும் இதே கதை. பற்றவைப்புதான் சரியில்லை என்று எல்லா முனைகளையும் பிரித்து மறுபடி பற்றவைத்தாள். விரல் கொப்புளித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை கப்பல் என்ற அன்று அந்திநேரம், கடைசி முயற்சி. ஸ்பீக்கரில் வெறும் உஸ்ஸென்ற இரைச்சல். மாமியார் குளியலறையிலிருந்து டக், டக்கென்று வந்தார். அவர் நெருங்க நெருங்க இரைச்சல் பெருத்தது. வளையத்தருகே வாக்கரை நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்ததும் தம்பியின் குரல் பளிச்சென்று கேட்டது. உரிமத்தில் அக்காளுக்குக் கொடுத்த அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மதியத் தூக்கத்தில் வாக்கர் அங்கேதான் நிற்கும், சாயங்காலம் அவரோடு குளியலறைக்குப் போய்விடும். இத்தனை நாளும் வளையத்துக்கு மட்டுமா, வாக்கருக்கும் சேர்த்தல்லவா சுருதி வைத்திருக்கிறாள்!

பொத்தானை அழுத்தினாள். “தம்பி, அக்கா பேசறேன். கேக்குதா?”

“அக்கா! கேக்குது, கேக்குது! எப்படி இருக்க? நாளைக்குக் கப்பல். என்ன சொல்ற, வரவா?”

மாமியார் கட்டிலிலிருந்து அவளையே பார்த்தார். அவருக்கெதிரே எப்படிச் சொல்வது?

“நல்லாத்தான் இருக்கேன்...”

“அப்ப கையெழுத்துப் போட்டுடவா?”

“இரு!” என்று கத்திவிட்டாள். “போடாதே. நீ வந்தாத்தான்...”

மாமியார் வாக்கரைப் பிடித்து எழுந்தார். டக், டக். தம்பியின் குரல் கிணற்றில் விழுந்ததுபோல் அமிழ்ந்தது.

“அத்தை, நகராதீங்க!”

“அவன் வந்தா நீ போயிடுவ.” வாசல் நிலையருகே போய்த்தான் நின்றார். “எனக்குத் தெரியாதா?”

ஓடிப்போய் வாக்கரைப் பிடுங்கலாம். பிடுங்கினால் அவர் விழுவார். அவள் திருகில் கட்டிய பிளாஸ்டிக் குழாயைப் பிடித்தாள். அவர் நிற்கும் இடத்துக்கு ஏற்றாற்போல் மெல்லத் திருப்பினாள். குரல் எழவில்லை. இன்னும் ஒரு துளி. இரைச்சல் எழுந்தது, அதற்குள்ளிருந்து தம்பி.

“...பாதிதான் கேட்டுதுக்கா. திரும்பச் சொல்லு.”

பொத்தானை அழுத்தினாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

“கையெழுத்துப் போடாதே. புறப்பட்டு வா. இங்கே எனக்கு மூச்சு முட்டுது. நான் வெளியே போகணும், வேலைக்குப் போகணும். சாயங்காலம் திரும்பி வருவேன். பகல்ல அத்தைகூட ஒரு ஆள் வேணும்.”

வாக்கரின் கால்கள் தரையில் கிடுகிடுவென்று நடுங்கின. ஆனால் இடம் மாறவில்லை.

“சரிக்கா. போடல. நாளைக்கு ஏறிடறேன். அத்தைக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?”

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் உதட்டைக் கடித்து, மூச்சை அடக்கி, போட்டோவுக்கு நிற்பவர்போல் நின்றிருந்தார்.

“ஏண்டி,” என்றார் வாயை அதிகம் அசைக்காமல், “இப்ப நான் நகரலாமா? கால் வலிக்குது.”