குழாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச் குல்லா

1

இது என் கதை இல்லை, அக்காவுடையது. போன மாதம் அவளுக்குப் பல் கட்டத் துணைக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி. எல்லாரும் மீனைப் பார்த்தார்கள். அக்கா எழுந்துபோய், தண்ணீரை உறிஞ்சும் ஃபில்டர் குழாயைக் குனிந்து பார்த்தாள். "பரவாயில்ல, மூடி வச்சிருக்காங்க" என்றாள். எனக்குக் கதை வாசம் அடித்துவிட்டது. மூன்று நாள் அரித்த பிறகுதான் சொன்னாள்.

2

முதல் ஆரம்பம்: 'அந்தக் காலத்து மீன்களெல்லாம்' (வேண்டாம். மீன்கள் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.)

இரண்டாவது: அக்காவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பல் டாக்டரம்மாவிடம் வாசல் மேசை வேலை. பேர் கூப்பிடுவாள், போன் எடுப்பாள், அழும் பிள்ளைகளைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிடுவாள். தொட்டியில் விரல் நகம் அளவில் நீலக்கோடு போட்ட இருபது மீன்கள். பின்னறையில் பல்செட் செய்பவர். கையில் எந்நேரமும் மெழுகு ஒட்டியிருப்பதால் 'மெழுகண்ணன்'. அதிகம் பேசமாட்டார். பேசினால் பல்லைப் பற்றித்தான்.

டாக்டரம்மா ஒருநாள் பெரிய ஃபில்டர் வாங்கிவந்தார். தண்ணீர் பளிச்சென்று ஆனது. மீன்கள் குறைய ஆரம்பித்தன. காலையில் அக்கா கதவைத் திறந்தால், குழாய் வாயில் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வால் மட்டும் நீரோட்டத்தில் ஆடும். பத்தொன்பது. பதினெட்டு. பதினேழு.

[இங்கே ஓர் உவமை இருந்தது. அக்கா அடித்துவிட்டாள்.]

3

ஒரு சனிக்கிழமை மாலை, மனசு கேட்காமல், கிளம்பும்போது ஃபில்டரை அணைத்தாள். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை அறையே நாறியது. மிஞ்சியவை ஆறு. அவையும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"யாரு இத நிறுத்தினது?" என்றார் டாக்டரம்மா. வந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னறையிலிருந்து குரல் வந்தது. "நான்தான் டாக்டர். என் மெஷினுக்கு பிளக் வேணும்னு கழட்டினேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்."

அத்தனை பேர் முன்னால் அவருக்குச் செம திட்டு. அக்கா நோட்டைப் புரட்டியபடி இருந்தாள்.

மதியம் அவர் ஒரு ஸ்பாஞ்சோடு வந்தார். நடுவில் துளை போட்டு, குழாய் வாயில் குல்லா மாதிரி மாட்டினார்.

"ஃபில்டர நிறுத்தக்கூடாதும்மா. தண்ணியச் சுத்தம் பண்ற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அதுக்குள்ளதான் குடியிருக்கு. நிறுத்தினா அதுங்க செத்துடும், அப்புறம் மீனும் போயிடும். இழுப்பு ஒரே வாயில இருந்தாத்தான் மீன் மாட்டும். இப்ப சுத்திலும் பரவிடும் பாரு. வாரம் ஒருதரம் கழட்டி, தொட்டித் தண்ணி கொஞ்சம் மொண்டு அதுலயே பிழி. பைப்புத் தண்ணி வேணாம், அதுல இருக்கற மருந்து அதுங்களக் கொன்னுடும்."

"சனிக்கிழம பாத்தீங்களா?"

"பாத்தேன். தொட்டியத் தொடைக்கத்தான்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன்ணே..."

"எனக்கு உள்ள வேல. யார் மூஞ்சியிலயும் முழிக்க வேணாம். நீ வாசல்ல உக்காரணும்ல."

அந்த ஆறும் பிழைத்துக்கொண்டன.

4

இதை நான் முதலில் காதல் கதையாக எழுதினேன். 'அவர் விரலின் மெழுகைப் போல அவள் மனமும்' என்ற இடத்தில் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அவருக்கு என் வயசுலயே பொண்ணு இருந்துச்சு, லூசு."

எட்டு மாதத்தில் அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். அதுவரை வாராவாரம் அக்கா ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். வாராவாரம் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட நினைத்தாள்.

முடிவு ஒன்று: அவர் விடைபெற்ற நாளில் அக்கா உண்மையைச் சொல்கிறாள். நன்றாகவே எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்லடி. நான் கேக் வெட்டிக் குடுத்துட்டு நின்னேன்."

முடிவு இரண்டு: டாக்டரம்மாவுக்கு எல்லாம் முதலிலேயே தெரியும். (சோம்பேறி எழுத்தாளர்கள் கைவசம் எப்போதும் இருக்கும் முடிவு.)

5

டாக்டரம்மா இன்னும் இருக்கிறார், எண்பதைத் தாண்டி. நேற்றுக் காலை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில், "நீ இங்கயே நில்லு" என்றாள். கதவு திறந்தது. "அட, நீயா" என்ற குரல் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

அரைமணி நேரம் கழித்து வந்தவளின் கண் சிவந்திருந்தது. நடையில் மட்டும் ஒரு வேகம். தெருமுனையில் கேட்டேன்.

"அக்கா, என்ன சொன்னாங்க?"

"அத நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "எழுதவும் எழுதாத."

எழுதவில்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். பேனா உங்களிடம்தான் இருக்கிறது. அவள் தலை குனியும்படி மட்டும் எழுதிவிடாதீர்கள்.